அத்தியாயம் 7: இணையம் பார்த்த சர்வருக்கு உள் டிரைவைத் திறக்காதீர்கள்

இந்த அத்தியாயத்துக்கு ஒரே ஒரு விதிதான். இணையத்திலிருந்து யார் வேண்டுமானாலும் வந்து தட்டக்கூடிய சர்வரில், அலுவலகத்தின் உள் டிரைவை இணைத்து வைக்காதீர்கள். கோப்பு உள்ளிருந்து வெளியே அனுப்பப்படட்டும். சர்வர் உள்ளே கைநீட்டி எடுக்க வேண்டாம். மீதிப் பக்கங்கள் எல்லாம் இந்த விதிக்கான காரணமும், அதைச் செய்து முடிக்கும் வழியும்.

யாருக்கு இது?

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன்மலையில் தாலுகா அலுவலகம், ஒன்றிய அலுவலகம் என்று பல வேலைகள் வெள்ளிமலையில்தான் நடக்கின்றன. சுற்றிலும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள், மலைவாழ் மக்களுக்கான பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம், தொண்டு நிறுவனங்கள், தேனும் கடுக்காயும் சாமையும் வாங்கி விற்கும் குழுக்கள். பெரிய அரசு அலுவலகங்களின் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளச் சென்னையில் ஆள் உண்டு. பள்ளி, சங்கம், குழு, தொண்டு நிறுவனம் ஆகியவற்றின் கணினியைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் அங்கேயே வேலை செய்யும் ஒருவர். கணக்கும் அவரே, டேட்டா என்ட்ரியும் அவரே, ரவுட்டரை அணைத்துப் போடுவதும் அவரே. அவருக்காகத்தான் இந்த அத்தியாயம்.

பாரத்நெட் திட்டத்தின் கீழ் தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை இணைப்பு கொடுப்பது டான்ஃபிநெட் நிறுவனத்தின் இலக்கு. நல்ல இணைப்பு மலையேறி வந்தால், "இணையதளத்தை நம்ம ஆபீஸ் சிஸ்டத்திலேயே ஓட்டலாமே" என்ற எண்ணமும் கூடவே வரும். அந்த நேரத்தில்தான் இந்தத் தவறு நடக்கிறது.

தவறு எப்படி உருவாகிறது?

எடுத்துக்காட்டுக்காக ஓர் உற்பத்தியாளர் குழுவை வைத்துக்கொள்வோம். அலுவலகத்தில் நான்கு கணினிகள். ஒன்றில் "அலுவலகம்" என்று ஒரு ஃபோல்டரை ஷேர் போட்டிருக்கிறார்கள். மற்ற மூன்றிலும் அது இசட் டிரைவாகத் தெரிகிறது. அதற்குள் உறுப்பினர்களின் ஆதார் நகல், வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம், சாதிச் சான்றிதழ், வன உரிமைச் சட்டம் 2006-இன் கீழ் வாங்கிய உரிமை ஆவணத்தின் ஸ்கேன், கொள்முதல் கணக்கு, பொருள்களின் படங்கள், விலைப்பட்டியல் எல்லாம் கிடக்கின்றன.

குழுவுக்கு ஓர் இணையதளம் வருகிறது. விலைப்பட்டியல் மாறும்போதெல்லாம் சர்வரில் தனியாக ஏற்றுவது அலுப்பாக இருக்கிறது. சேலத்திலோ சென்னையிலோ இருந்து தளம் செய்து கொடுத்தவர் ஒரு குறுக்குவழி சொல்கிறார்: "அந்த இசட் டிரைவை சர்வரிலும் மேப் பண்ணிடுங்க. நீங்க ஃபைலை மாத்தினா தளத்தில் தானா மாறிடும்." செய்கிறார்கள். உண்மையிலேயே வேலை எளிதாகிறது. தளத்துக்குத் தேவைப்பட்டது பத்துப் படமும் ஒரு பட்டியலும். சர்வருக்குக் கிடைத்ததோ உறுப்பினர் அத்தனை பேரின் ஆவணங்களும்.

ரேஷன் கடையில் பொருள் வாங்க வருபவர் கவுண்டருக்கு வெளியே நிற்பார். கிடங்குச் சாவியைக் கவுண்டர் மேல் யாரும் தொங்கவிடுவதில்லை. டிரைவை சர்வரில் மேப் செய்வது அந்தச் சாவியைத் தொங்கவிடுவதுதான்.

உள்ளே வந்தவனுக்கு என்னென்ன கிடைக்கும்?

ஐந்து கேடுகளைத் தனித்தனியே புரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு.

1. சர்வரின் உரிமை அவன் உரிமையாகிறது. இணையதளத்தில் படம் ஏற்றும் படிவம், பழைய பிளக்இன், எளிதில் ஊகிக்கக்கூடிய நிர்வாகி பாஸ்வேர்டு இவற்றில் ஏதாவது ஒன்று போதும். அந்த வழியாக ஒரு சின்ன நிரலை ஏற்றிவிட்டால், தளத்தை ஓட்டும் கணக்கு எதையெல்லாம் படிக்குமோ எழுதுமோ அதையெல்லாம் அவனும் செய்வான். டிரைவ் ஏற்கெனவே இணைந்திருப்பதால் இதற்குமேல் அவன் எதையும் உடைக்க வேண்டியதில்லை.

2. பாஸ்வேர்டு கிடைக்கிறது. மலையில் மின்சாரம் போய் வரும். சர்வர் அணைந்து எழும்போதெல்லாம் டிரைவ் தானாக இணைய வேண்டும் என்றால் ஷேரின் பாஸ்வேர்டை சர்வரிலேயே சேமித்து வைத்தாக வேண்டும். சர்வரை முழுதாகப் பிடித்தவன் அதை எடுத்துக்கொள்வான். அதே பாஸ்வேர்டை மின்னஞ்சலுக்கும் வைத்திருந்தால் அதுவும் போயிற்று.

3. பாதை திறந்திருக்கிறது. விண்டோஸ் ஷேர் வேலை செய்ய சர்வரிலிருந்து உள் கணினியின் 445-ஆம் போர்ட் திறந்திருக்க வேண்டும். ஷேருக்காகத் திறந்த அந்தப் போர்ட் வழியாக, உள் கணினியின் சரிசெய்யப்படாத ஓட்டைகளையும் அவனால் தொட முடியும். ஷேரில் இல்லாத கோப்புகளுக்கும் அப்போது ஆபத்து.

4. உள்ளே இருப்பவர் கையால் கெடுதி நடக்கும். "ஜூன் கொள்முதல்" என்ற பெயரில் ஒரு கோப்பை அவன் ஷேரில் போட்டு வைத்தால், கணக்கர் அதைத் திறப்பார். அது நம் டிரைவில் இருப்பதாலேயே நம்புவார். சில வகை ஷார்ட்கட் கோப்புகளுக்குத் திறக்கக்கூட வேண்டாம். ஃபோல்டரைப் பார்த்தாலே பார்ப்பவரின் உள்நுழைவுச் சான்று வெளியே கசியும்.

5. பேக்கப்பும் சேர்ந்து அழியும். ரேன்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல், இணைந்திருக்கும் டிரைவ்களை எல்லாம் தேடிப் போகும். பேக்கப் அதே ஷேரில் இருந்தால் அதுவும் பூட்டப்படும்.

லினக்ஸில் என்எஃப்எஸ் முறையில் பகிர்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வழக்கமான அமைப்பில் என்எஃப்எஸ் பாஸ்வேர்டு கேட்பதில்லை. "நான் 1001-ஆம் எண் பயனர்" என்று எதிர்க்கணினி சொன்னால் நம்பிவிடும். ரூட் ஸ்குவாஷ் போட்டிருக்கிறோம் என்று நிம்மதி அடையாதீர்கள். அது ரூட் பயனரை மட்டும்தான் தடுக்கும். சர்வரைப் பிடித்தவன் தன்னை 1001-ஆம் எண்ணாக மாற்றிக்கொண்டு அந்தப் பயனரின் கோப்புகளைத் திறப்பான்.

"நம்மை யார் தேடி வரப்போகிறார்கள்?"

மலைமேல் இருக்கும் சின்ன அலுவலகத்தில் இந்தக் கேள்வி கட்டாயம் எழும். நம்மை யாரும் பெயர் சொல்லித் தேடுவதில்லை. நிரல்கள் இணைய முகவரிகளை வரிசையாகத் தட்டிக்கொண்டே போகின்றன. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஸீமேப் என்ற கருவி, வேகமான இணைப்பில் ஒரே கணினியைக் கொண்டு, உலகின் ஐபிவி4 முகவரிகள் அனைத்திலும் ஒரு போர்ட் திறந்திருக்கிறதா என்பதை 45 நிமிடத்துக்குள் பார்த்துவிடும் என்று காட்டியது. அந்த வரிசையில் வெள்ளிமலையும் வரும், நியூயார்க்கும் வரும்.

நடந்த நிகழ்வுகள் நான்கு

2017 மே 12-ஆம் தேதி வான்னாகிரை என்ற ரேன்சம்வேர் பரவத் தொடங்கியது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் பாதிக்கப்பட்டன. சென்னையை அடுத்த ஒரகடத்தில் உள்ள ரெனோ-நிசான் கார் ஆலையும் அதில் சிக்கியது. அது பரவிய வழி, கோப்புப் பகிர்வுக்கான எஸ்எம்பி நெறிமுறையின் பழைய முதல் பதிப்பு. அதாவது 445-ஆம் போர்ட். அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. போடாமல் விட்ட இரண்டு மாதம்தான் இவ்வளவு பெரிய சேதத்துக்கு இடம் கொடுத்தது.

2019-இல் கூடங்குளம். அணுமின் கழகத்தின் கணினி ஒன்றில் தீநிரல் இருப்பதை செப்டம்பர் 4-ஆம் தேதி இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசின் சர்ட்-இன் அமைப்பு கண்டு தெரிவித்தது. அக்டோபர் 30-ஆம் தேதி கழகம் அதை ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு சேர்ந்த வலையமைப்பில் இருந்த கணினி. முக்கியமான உள் வலையமைப்பு அதிலிருந்து பிரிக்கப்பட்டிருந்தது என்று கழகம் அறிவித்தது. ஒரு பக்கம் தீநிரல் வந்த பிறகும் மறுபக்கத்துக்கு அது போகாமல் இருக்க வேண்டுமானால், இரண்டுக்கும் இடையே முன்கூட்டியே பிரிவு இருந்தாக வேண்டும்.

2021 செப்டம்பரில் சென்னைத் தலைமைச் செயலகத்தில் பொதுத்துறையின் கணினிகளை ரேன்சம்வேர் தாக்கியது. கோப்புகளைப் பூட்டியவர்கள் கிரிப்டோ நாணயமாக 1,950 டாலர் கேட்டதாகச் செய்திகள் வந்தன. மாநிலத்தின் தலைமை அலுவலகமே இதற்குத் தப்பவில்லை.

நான்காவது நிகழ்வுதான் நமக்கு மிக நெருக்கமான பாடம். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கின. புறநோயாளிச் சீட்டு முதல் பரிசோதனை முடிவு வரை பல நாட்கள் கையால் எழுதினார்கள். ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன, சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது, வலையமைப்பை முறையாகப் பிரிக்காததே காரணம் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அதே எய்ம்ஸில் இ-ஹாஸ்பிடல் தரவு முழுவதும் மீண்டது. காரணம், தாக்குதல் தொடாத ஒரு பேக்கப் சர்வர் இருந்தது. நோயும் மருந்தும் அந்த ஒரே நிகழ்வில் இருக்கின்றன: பிரிக்காமல் விட்டது கெடுத்தது, தனியே வைத்தது காப்பாற்றியது.

சரியான அமைப்பு: நான்கு படிகள்

படி 1. பட்டியல் போடுங்கள். தளத்துக்கு உண்மையில் எந்தக் கோப்புகள் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். மேலே சொன்ன குழுவுக்குப் படங்களும் விலைப்பட்டியலும் போதும். "வெளியே போகலாம்" என்று தனி ஃபோல்டர் ஒன்றை உருவாக்கி அவற்றை மட்டும் அதில் வையுங்கள். ஆதார், பாஸ்புக், சாதிச் சான்றிதழ் ஆகியவை எக்காரணம் கொண்டும் அதற்குள் வரக்கூடாது.

படி 2. சர்வரைத் தனியாக்குங்கள். எளிய வழி, சர்வரை அலுவலகத்தில் வைக்காமல் ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்திடம் இடம் எடுத்துக்கொள்வது. சின்ன அலுவலகங்களுக்கு இதையே பரிந்துரைக்கிறேன். மின்வெட்டுக் கவலையும் தீரும். அலுவலகத்தில்தான் வைக்க வேண்டும் என்றால் அதற்குத் தனி வலையமைப்பு கொடுங்கள். ஃபயர்வாலில் மூன்று விதிகள்: இணையத்திலிருந்து சர்வரின் 443-ஆம் போர்ட்டுக்கு மட்டும் வரலாம் (80-ஆம் போர்ட்டை 443-க்குத் திருப்பிவிட மட்டும் திறக்கலாம்), உள் கணினிகளிலிருந்து சர்வருக்குப் போகலாம், சர்வரிலிருந்து உள் கணினிகளுக்குப் புதிதாக எந்த இணைப்பும் தொடங்கக் கூடாது. மூன்றாவது விதிதான் உயிர்.

படி 3. கோப்பை உள்ளிருந்து அனுப்புங்கள். உள் கணினி ஒன்று, குறித்த நேரத்தில் "வெளியே போகலாம்" ஃபோல்டரை எஸ்எஃப்டிபி அல்லது ஆர்சிங்க் வழியாக சர்வருக்கு அனுப்பட்டும். பாஸ்வேர்டுக்குப் பதில் சாவிக்கோப்பு முறையைப் பயன்படுத்துங்கள். அந்தச் சாவி உள் கணினியில்தான் இருக்கும். சர்வரில் அந்தக் கணக்குக்கு ஒரே ஒரு ஃபோல்டரில் மட்டும் எழுதும் உரிமை கொடுங்கள். ஆர்சிங்க் மாறிய பகுதிகளை மட்டுமே அனுப்பும் என்பதால் மெதுவான இணைப்பிலும் ஓடும். "தானா மாறணும்" என்ற ஆசையும் நிறைவேறும். அரைமணிக்கு ஒருமுறை என்று வைத்தால் போதும்.

படி 4. வெளியிலிருந்து வருவதை நீங்களே போய் எடுங்கள். தளத்தில் யாராவது விண்ணப்பமோ படமோ ஏற்றினால் அது சர்வரிலேயே ஒரு ஃபோல்டரில் கிடக்கட்டும். அந்த ஃபோல்டரில் எந்த நிரலும் இயங்காதபடி அமைத்துவிடுங்கள். உள் கணினி அவ்வப்போது போய் எடுத்துவந்து, வைரஸ் சோதனை செய்து, சர்வரில் இருப்பதை அழித்துவிடட்டும். சர்வரில் மக்களின் ஆவணம் எவ்வளவு குறைவாகத் தங்குகிறதோ அவ்வளவு நல்லது.

ஷேர் இல்லாமல் முடியாது என்றால்

சில பழைய மென்பொருள்கள் டிரைவ் எழுத்து இல்லாமல் ஓடாது. அப்போது உள் டிரைவைக் கொடுக்காமல், சர்வரின் பக்கத்திலேயே, அதே தனி வலையமைப்பில் ஒரு சின்னக் கணினியையோ நாஸ் பெட்டியையோ (வலையமைப்பில் இணைத்துக் கோப்பு சேமிக்கும் பெட்டி) வைத்து அதில் ஷேர் போடுங்கள். பிறகு இவற்றை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்:

• படிக்க மட்டும் உரிமை. எழுதியாக வேண்டும் என்றால் அதற்கென்று வேறு ஃபோல்டர்.
• அந்த ஷேருக்கு மட்டுமான தனிக் கணக்கு, தனி பாஸ்வேர்டு. நிர்வாகி கணக்கு கூடவே கூடாது. விருந்தினர் அனுமதியை அணையுங்கள்.
• எஸ்எம்பி முதல் பதிப்பை நீக்குங்கள். மூன்றாம் பதிப்பில் குறியாக்கத்தையும் கையொப்பச் சோதனையையும் இயக்குங்கள்.
• சர்வரின் ஐபி முகவரி ஒன்றுக்கு மட்டும் அனுமதி. "எல்லோருக்கும்" என்ற அமைப்பு எங்கும் இருக்கக்கூடாது.
• லினக்ஸில் இணைக்கும்போது நோஎக்ஸெக், நோஸூயிட், நோடெவ் ஆகிய மூன்றும் இருக்கட்டும். என்எஃப்எஸ் என்றால் எல்லாப் பயனரையும் உரிமையற்ற ஒரே கணக்காக மாற்றும் ஆல் ஸ்குவாஷ் அமைப்பைப் போடுங்கள்.

நாஸ் பெட்டி வாங்கியவர்களுக்குத் தனி எச்சரிக்கை. "எங்கிருந்தும் உங்கள் கோப்பைப் பார்க்கலாம்" என்ற வசதியை இயக்கிவிடாதீர்கள். 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பெட்டிகளில் இருந்த கோப்புகள் இணையம் வழியாகவே அழிக்கப்பட்டன. பலர் பல ஆண்டுச் சேமிப்பை இழந்தார்கள். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரேன்சம்வேர் க்யூநாப் பெட்டிகளைப் பூட்டி, 0.03 பிட்காயின் கேட்டது. இரண்டிலும் மாட்டியவை இணையத்துக்கு நேராகத் திறந்து கிடந்த பெட்டிகள்.

செய்து முடித்ததும் சோதியுங்கள்

அமைப்பைப் போட்டவர் சொன்னார் என்று நம்பி விடாதீர்கள். நீங்களே திருடனாக நின்று பாருங்கள்.

1. சர்வரில் உட்கார்ந்து உள் கணினி ஒன்றின் 445-ஆம் போர்ட்டுக்கு இணைக்க முயலுங்கள். இணைந்தால் ஃபயர்வால் விதி தவறு.
2. தளத்தை ஓட்டும் கணக்கில் நுழைந்து, ஷேரில் ஒரு வெற்றுக் கோப்பு உருவாக்கப் பாருங்கள். உருவானால் அது படிக்க மட்டுமான ஷேர் இல்லை.
3. உங்கள் அலுவலகத்தின் வெளி முகவரியை, செல்பேசி இணைப்பிலிருந்து போர்ட் சோதனைச் செயலி மூலம் பாருங்கள். 139, 445, 2049, ரவுட்டரின் நிர்வாகப் பக்கம், நாஸின் நிர்வாகப் பக்கம் எதுவும் தெரியக்கூடாது.
4. ரவுட்டரில் யுபிஎன்பி வசதியை அணையுங்கள். அது இருந்தால் உங்களைக் கேட்காமலே போர்ட்டுகள் திறக்கப்படும்.
5. தளம் செய்தவர் எனிடெஸ்க் போன்ற செயலியால் உள்ளே வருகிறார் என்றால், வேலை முடிந்ததும் அந்த அனுமதி மூடப்படுகிறதா என்று பாருங்கள்.

ரவுட்டர் மாற்றினாலும், புதிய மென்பொருள் போட்டாலும், ஆள் மாறினாலும் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

பேக்கப்

மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். இந்தப் பழைய கணக்கு இன்றும் செல்லும். இரண்டு யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். ஒரு வாரம் ஒன்று, மறுவாரம் மற்றது. நகல் எடுத்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இணைந்தே இருக்கும் டிஸ்க் பேக்கப் ஆகாது. மூன்றாவது நகலைக் கள்ளக்குறிச்சியில் நம்பகமான ஓரிடத்தில் வைக்கலாம். அது வெளியே போவதால் குறியாக்கம் கட்டாயம். மாதம் ஒருமுறை ஒரு கோப்பையாவது மீட்டுத் திறந்து பாருங்கள்.

ஏற்கெனவே நுழைந்துவிட்டால்

முதலில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். கணினியை அவசரப்பட்டு ஆஃப் செய்ய வேண்டாம். நினைவகத்தில் உள்ள தடயம் அழிந்துவிடும். பேக்கப் டிஸ்க்கை அந்தக் கணினியில் செருகவே கூடாது. பணம் கொடுக்காதீர்கள்; கொடுத்தாலும் கோப்பு திரும்பும் என்று உறுதி கிடையாது.

நிறுவனங்கள் இத்தகைய நிகழ்வை அறிந்த 6 மணி நேரத்துக்குள் சர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி உத்தரவு. அதன் கட்டணமில்லா எண் 1800-11-4949. பதிவேடுகளை, அதாவது லாக் கோப்புகளை, 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். பிறகு, பாதிக்கப்படாத வேறொரு கணினியிலிருந்து எல்லா பாஸ்வேர்டுகளையும் மாற்றுங்கள். சர்வரைத் துடைத்துச் சரிசெய்ய முயலாமல் முதலிலிருந்து புதிதாக அமையுங்கள்.

கடைசியாக

இந்த ஆவணங்கள் யாருடையவை என்பதை மறக்க வேண்டாம். பழங்குடியினர் சான்றிதழைக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடந்து நடந்து வாங்கிய குடும்பங்கள் இங்கே உண்டு. வன உரிமைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. அவர்கள் நம்மிடம் நகல் கொடுத்தது ஒரு காரியத்துக்காக. அது வேறொருவன் கையில் சிக்கி, அவர்கள் பெயரில் சிம் கார்டும் கடனும் வாங்கப்பட்டால், மலையிலிருந்து இறங்கி வழக்காட அவர்களுக்குக் காசும் இல்லை, நேரமும் இல்லை. 2023-இல் நிறைவேறிய எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காப்பது அதை வாங்கி வைத்தவரின் கடமை என்று தெளிவாகச் சொல்கிறது. சட்டம் வருவதற்கு முன்பும் அது நம் கடமையாகத்தான் இருந்தது.

ஆகவே இந்தப் பக்கத்தை மூடியதும் சர்வரில் போய்ப் பாருங்கள். எந்தெந்த டிரைவ் இணைந்திருக்கிறது என்று எழுதுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் "இது இல்லாமல் தளம் ஓடுமா?" என்று கேளுங்கள். ஓடும் என்றால் அன்றைக்கே துண்டியுங்கள். ஓடாது என்றால் படி 1-இலிருந்து தொடங்குங்கள்.